இரத்தத்தில் தேடும் விடை: நாட்பட்ட களைப்பு நோய் பற்றி

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் பற்றி இன்று வேறு சகோதரிகள் பேசுகிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது, கிளினிக்கில் அடிக்கடி கேட்டும் மேடையில் எவரும் பேசாத ஒரு முறைப்பாடு: “ஏலாமக் கிடக்கு டொக்டர். ஆனா றிப்போர்ட் எல்லாம் நோர்மல் எண்டு சொல்றாங்க.”

இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்க்கை அகப்பட்டுக் கிடக்கிறது. றிப்போர்ட் நோர்மல் என்றால் நோய் இல்லை என்று கணவன் நினைக்கிறார், மாமியார் நினைக்கிறார், வேலைத்தலத்தில் நினைக்கிறார்கள். சில வேளை வைத்தியரும் அப்படியே நினைக்கிறார். கடைசியில் அந்தப் பெண்ணே தன்னைச் சோம்பேறி என்று நம்பத் தொடங்கிவிடுகிறாள். அந்த றிப்போர்ட் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, இந்த நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை உலகம் எங்கே தேடிக்கொண்டிருக்கிறது என்பவற்றைத்தான் இன்று பேசப் போகிறோம்.

களைப்பு வேறு, இந்த நோய் வேறு

விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, வேலைக்குப் போய் வந்து, இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவளுக்குக் களைப்பு வருவது இயற்கை. ஒரு நல்ல நித்திரை, இரண்டு நாள் ஓய்வு அதைத் தீர்க்கும். நாம் பேசும் நோய் அப்படித் தீராது.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று எம்.ஈ., மற்றது சீ.எஃப்.எஸ்.; இப்போது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். தமிழில் நாட்பட்ட களைப்பு நோய் எனலாம். 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை இதற்கு மூன்று கட்டாய அடையாளங்களைச் சொல்கிறது. முதலாவது, முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கடும் களைப்பு. இரண்டாவது, சிறு உழைப்புக்குப் பின்னரும் நோய் மோசமாவது. மூன்றாவது, எவ்வளவு படுத்தாலும் புத்துணர்ச்சி தராத நித்திரை. இவற்றோடு ஞாபக மந்தம், அல்லது எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுத்து நெஞ்சு படபடப்பது ஆகியவற்றில் ஒன்றேனும் இருக்க வேண்டும்.

இரண்டாவது அடையாளம்தான் திறவுகோல். ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்குச் சமைத்த பெண் அன்று சமாளித்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை தலைவாரக் கையைத் தூக்க ஏலாமல் படுத்திருப்பாள். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை நடந்து ஏறியவள் அடுத்த மூன்று நாட்களும் இருட்டறையில் கிடப்பாள். உழைப்புக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு நாள், இரண்டு நாள் இடைவெளி இருப்பதால், இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அவளுக்கே தெரிவதில்லை.

மனச்சோர்வு நோயிலிருந்து இதைப் பிரித்தறியவும் ஒரு வழி உண்டு. மனச்சோர்வில் பெரும்பாலும் ஒன்றிலும் விருப்பம் இராது. இந்த நோயாளியிடம் “நாளைக்குச் சுகமானால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் நீண்ட பட்டியலே சொல்லுவாள். விருப்பம் நிறைய இருக்கிறது, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. இரண்டு நோயும் ஒருவருக்கே வரவும் கூடும். மனநோயும் உண்மையான நோய்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பெண்கள் என்பதால் வந்த வினை

1955ஆம் ஆண்டு ஆடி மாதம் லண்டன் றோயல் ஃபிறீ வைத்தியசாலையில் ஒரு விசித்திரமான நோய் பரவியது. லண்டனில் முதன்முதலாகப் பெண்களுக்கு மருத்துவப் பயிற்சி அளித்த வைத்தியசாலை அது. காய்ச்சல், தொண்டை நோவு, தசை வலி, பலவீனம் எனத் தாதியரும் வைத்தியர்களும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். சில மாதங்களில் ஏறத்தாழ 300 ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர். சிலர் வருடக்கணக்காகத் தேறவில்லை. எம்.ஈ. என்ற பெயர் அதற்கு அடுத்த ஆண்டில் வழக்குக்கு வந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1970இல், இரண்டு மனநல மருத்துவர்கள் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது தொற்றுநோயே அல்ல, கூட்டமாகப் பெண்களுக்கு வந்த ஹிஸ்ரீரியா என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பது. அந்த நோயாளிகளை அவர்கள் நேரில் பரிசோதிக்கவில்லை. பழைய குறிப்பேடுகளைப் படித்தே எழுதினார்கள். அந்த முத்திரை பல பத்தாண்டுகள் ஆராய்ச்சிக்கான பணத்தையும் அக்கறையையும் தடுத்தது.

இதைவிடப் பழைய ஒரு பாடம் எமது நாட்டிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்த பிரித்தானியப் படையினரைப் பெரிபெரி என்ற நோய் வாட்டியது. கால் வீங்கும், நடை தளரும், நெஞ்சடைத்து உயிர் போகும். அந்தப் பெயரே “ஏலாது, ஏலாது” என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர். காரணம் தெரியாத காலத்தில் ஈரக்காற்று, கெட்ட நீர், கிருமி என்று பலவற்றையும் குற்றஞ்சாட்டினார்கள். 1890களில் யாவாத் தீவில் ஒல்லாந்து மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு அதே போன்ற நோய் வருவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுக்கச் சுகமாவதையும் கண்டார். தவிட்டிலிருந்த அந்தப் பொருள், இன்று தயமின் எனப்படும் விற்றமின் பீ1, 1926இல்தான் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தயமினை அளக்க வழி இல்லாத அத்தனை காலமும் அந்தப் படைவீரனின் இரத்தத்தில் எவராலும் ஒன்றும் காட்ட முடிந்திராது. அதனால் அவன் நோயாளி அல்ல என்றாகிவிடவில்லை. கருவி வராதது கருவியின் குறை. “ஏலாது” என்று சொன்னவனின் குறை அல்ல.

தேடலின் கதை

இரத்தக் குறிகாட்டி என்றால் என்ன? நீரிழிவுக்குச் சீனி அளவு, தைரொயிட் நோய்க்கு ரீ.எஸ்.எச்., இரும்புக் குறைவுக்கு ஃபெரிற்றின். அளந்து பார்த்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல உதவும் பொருளே குறிகாட்டி. நாட்பட்ட களைப்பு நோய்க்கு அப்படியொன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற செய்தி பல தடவை வந்திருக்கிறது.

மிகப் பெரிய ஆரவாரம் 2009இல். நோயாளிகளில் 101 பேரைச் சோதித்ததில் 67 வீதத்தினரின் இரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருப்பதாக ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. சுகதேகிகளில் அது 4 வீதத்துக்கும் குறைவு. நோயாளிகள் கண்ணீர் விட்டு மகிழ்ந்தார்கள். சிலர் எயிட்ஸ் நோய்க்கான மருந்தைக்கூட வாங்கி விழுங்கினார்கள். பின்னர் பல ஆய்வுகூடங்கள் தேடின, கிடைக்கவில்லை. ஆய்வுகூடத்துக்குள்ளேயே எலியிலிருந்து உருவாகிப் பரவிய வைரஸ் மாதிரிகளில் கலந்திருந்தது தெரியவந்தது. 2011 மார்கழியில் சஞ்சிகை அந்தக் கட்டுரையை மீளப்பெற்றது. அடுத்த ஆண்டு 147 நோயாளிகளையும் 146 சுகதேகிகளையும் வைத்துக் கவனமாக நடத்திய ஆய்வு, தொடர்பே இல்லை என்று முடித்து வைத்தது.

2016இல் கலிபோர்னியாவில் 45 நோயாளிகளின் இரத்தத்தில் 612 அனுசேபப் பொருட்களை அளந்தார்கள். மாறுபட்டிருந்தவற்றில் 80 வீதம் வழமையைவிடக் குறைவாக இருந்தன. பஞ்ச காலத்தில் உடம்பு செலவைச் சுருக்குவது போல, நோயாளியின் கலங்கள் சக்தியைச் சுருக்கி வைத்திருக்கின்றனவோ என்ற எண்ணத்தை அது தந்தது.

2017இல் ஸ்ரான்போர்ட்டில் 192 நோயாளிகளையும் 392 சுகதேகிகளையும் ஒப்பிட்டு, அழற்சியைத் தூண்டும் சைற்றோகைன் புரதங்களை ஆராய்ந்தார்கள். சராசரியில் இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாளிகளுக்குள்ளே, நோய் கடுமையாகக் கடுமையாக 17 சைற்றோகைன்களின் அளவு உயர்ந்தது. நோய் வெறும் கற்பனையென்றால் இரத்தத்தில் இப்படிப் படி ஏறியிராது.

2019இல் அதே பல்கலைக்கழகத்தில் றொன் டேவிஸ் குழுவினர் நுண்ணிய மின்கருவி ஒன்றைச் செய்தார்கள். டேவிஸ் பரம்பரையியலில் பெயர் பெற்ற விஞ்ஞானி. அவரது மகன் இந்த நோயால் படுக்கையில் இருப்பவர். இரத்தக் கலங்களுக்கு உப்புச் சேர்த்துச் சிரமம் கொடுத்தபோது, 20 நோயாளிகளின் மாதிரிகளும் 20 சுகதேகிகளின் மாதிரிகளும் மின்தடையில் தெளிவாகப் பிரிந்தன. நோயாளியின் கலமும் நோயாளியைப் போலவே சிரமத்தைத் தாங்க மாட்டாமல் நின்றது.

2023இல் ஒக்ஸ்போர்ட் குழுவினர் 98 பேரின் வெண்குருதிக் கலங்கள்மேல் லேசர் ஒளி பாய்ச்சி, ஒளிச் சிதறலைக் கணினியிடம் கொடுத்தார்கள். கணினி 91 வீதம் சரியாகச் சொன்னது. 2025இல் ஈஸ்ற் அங்கிலியா பல்கலைக்கழகத்தினரும் ஒக்ஸ்போர்ட்டிலுள்ள ஒரு நிறுவனத்தினரும், கலத்துக்குள் டீ.என்.ஏ. இழை மடிந்திருக்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட 47 நோயாளிகளையும் 61 சுகதேகிகளையும் ஒப்பிட்டு, தமது பரிசோதனை 96 வீதம் துல்லியமானது என்றார்கள். பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்த செய்தி அதுதான்; எமது பழைய மாணவிகளின் வட்சப் குழுவிலும் வந்தது.

அதே ஆண்டு ஆரவாரம் இல்லாமல் வந்தது எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு. பிரித்தானிய உயிர்வங்கியில் இருந்த 1,455 நோயாளிகளை 131,303 பேரோடு ஒப்பிட்டார்கள். நாட்பட்ட அழற்சி, இன்சுலின் சரியாகச் செயற்படாமை, ஈரல் தொடர்பான அளவுகள் எனப் பல இடங்களில் வித்தியாசம் காணப்பட்டது. ஆண்களிலும் பெண்களிலும் ஒரே போக்கு. ‘நடமாடாமல் படுத்துக் கிடப்பதால்தான் இரத்தம் மாறுகிறது’ என்ற வாதத்தைத் தனியாகச் சோதித்து, அது போதிய விளக்கம் அல்ல என்றும் காட்டினார்கள். பிரித்தானியாவின் ‘டீகோட் எம்.ஈ.’ ஆய்வு 15,579 நோயாளிகளின் பரம்பரையலகுகளைப் பார்த்து, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைக் கண்டதும் 2025இல்தான்.

ஏன் இன்னும் பரிசோதனை வரவில்லை?

இவ்வளவும் கண்ட பிறகும் ஒரு பரிசோதனை கையில் இல்லையே என்று கேட்பீர்கள். காரணங்களைப் பாடசாலைக் கணக்காகவே சொல்கிறோம்.

எட்டாம் வகுப்பு மாணவிகளின் சராசரி உயரத்தைவிடப் பத்தாம் வகுப்பு மாணவிகளின் சராசரி உயரம் கூட. ஆனால் வாசலில் நிற்கும் ஒரு பிள்ளையின் உயரத்தை மட்டும் பார்த்து, இவள் எட்டாம் வகுப்பா, பத்தாம் வகுப்பா என்று சொல்ல முடியுமா? எட்டில் நெட்டையும் உண்டு, பத்தில் குட்டையும் உண்டு. எடின்பரோ ஆய்வு கண்டது சராசரிகளின் வித்தியாசம். நோய் உடம்பில் இருக்கிறது என்பதற்கு அது சான்று. தனியொருத்தியின் நோயைச் சொல்லும் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை.

அடுத்த கணக்கு. ஒரு பரிசோதனை நோயாளிகளில் 92 வீதத்தினரைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 98 வீதத்தினரை இல்லை என்று சரியாக விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன டீ.என்.ஏ. பரிசோதனைக்கு அவ்வாறே கூறப்பட்டது. களைப்பு என்று கிளினிக்குக்கு வரும் 1,000 பெண்களில் 20 பேருக்கு உண்மையில் இந்த நோய் இருக்கிறது எனக் கொள்வோம். அந்த 20 பேரில் 18 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 980 பேரில் 2 வீதம், அதாவது ஏறத்தாழ 20 பேருக்கும் நோய் உண்டு என்று தவறாக வரும். ஆக 38 பேருக்கு நோய் என்று வந்தால் அதில் பாதிக்கு மேல் பிழை. பத்திரிகைத் தலைப்பில் 96 வீதமாகத் தெரிவது கிளினிக் வாசலில் பாதியாகிவிடுகிறது.

மூன்றாவது, யாரோடு ஒப்பிடுவது? படுக்கையில் கிடப்பவரையும் ஓடித் திரிபவரையும் வேறுபடுத்துவது கடினமல்ல. வைத்தியருக்கு வேண்டியது வேறு. இந்த நோயை மனச்சோர்விலிருந்தும் மூட்டுவாதத்திலிருந்தும் தைரொயிட் நோயிலிருந்தும் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த ஒப்பீட்டைச் செய்த ஆய்வுகள் குறைவு. அதோடு, ஒரே பெயருக்குக் கீழே பல நோய்கள் ஒளிந்திருக்கவும் கூடும். நோர்வேயில் றிற்றக்சிமாப் என்ற மருந்து சிறு ஆய்வில் பலருக்குப் பலன் தந்தது போலத் தெரிந்தது; 2019இல் 151 பேரோடு வெளிவந்த பெரிய ஆய்வில் பலனில்லை என்று முடிந்தது.

ஆகவே வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘களைப்பு நோய்க்கு இரத்தப் பரிசோதனை’ என்று விளம்பரம் கண்டு பணத்தைக் கொட்டாதீர்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதைச் செய்யச் சொல்லிப் பணம் அனுப்பாதீர்கள். சுயாதீனமான வேறு குழுக்கள், வேறு நோயாளிகளில், அதே விடையைக் கண்ட பின்னர்தான் எந்தப் பரிசோதனையும் நம்பத்தக்கது.

எமது துறைமுக மாவட்டத்தில்

இது குளிர்நாட்டு நோய், எமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். இந்த நோய் பலருக்கு ஒரு தொற்றுக்குப் பின்னர் தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரில் மூன்று வகைத் தொற்றுக்கு ஆளான 253 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தின் பின்னரும் 12 வீதத்தினர் தேறவில்லை. யார் தேறமாட்டார் என்பதை முன்கூட்டிக் காட்டியது அவரது மனநிலை அல்ல, தொடக்கக் காய்ச்சலின் கடுமை. 2006இல் வெளிவந்த அந்த ஆய்வின் மூன்று கிருமிகளில் ஒன்று றொஸ் றிவர் வைரஸ். அது நுளம்பால் பரவுவது, எமது ஊர் அறிந்த சிக்குன்குனியாவின் உறவு.

நுளம்புக் காய்ச்சலை எமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று, கொட்டியாரக் குடாவின் ஓரத்திலுள்ள எமது கிண்ணியா. இறந்தவர்களை எண்ணினோம், சுகமாகி வீடு சென்றவர்களையும் எண்ணினோம். வீடு சென்ற பின்னர் எழும்ப மாட்டாதவர்களை எவரும் எண்ணவில்லை. சிங்கப்பூரில் டெங்கு வந்த 127 பேரை விசாரித்ததில் ஏறத்தாழ கால்பங்கினருக்குக் குறிப்பிடத்தக்க களைப்பு நீடித்ததாக 2007இல் எழுதினார்கள். அயலில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் டெங்குக்குப் பிந்திய களைப்பை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் களைப்புப் பெரும்பாலோருக்கு மெல்ல மாறிவிடும். மாறாத சிலரைப் பற்றித்தான் எமக்குக் கவலை. கொவிட் வந்துபோன பின்னர் அந்தச் சிலரின் தொகை உலகெங்கும் கூடியிருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. போர், இடப்பெயர்வு, சுனாமி, வறுமை எல்லாவற்றையும் கண்ட மண் இது. துயரம் இல்லாத வீடு அரிது. ஆகவே, களைப்பு என்று வரும் பெண்ணிடம் ஒரு துயரக் கதையைக் கண்டுபிடிப்பது வைத்தியருக்கு மிக எளிது. கதை கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. துயரம் உள்ளவளுக்கும் தைரொயிட் நோய் வரும், இந்த நோயும் வரும்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கோவாவில் 2,494 பெண்களை ஆராய்ந்த விக்ரம் பட்டேல் குழுவினர், அவர்களில் 12 வீதத்தினருக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட களைப்பு இருப்பதாக 2005இல் எழுதினார்கள். அந்தக் களைப்புக்கும் ஈமோகுளோபின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. பொருளாதார நெருக்கடி, குடும்பத்தில் பெண் படும் பாடு, உளநலக் குறைவு ஆகியவற்றோடு தொடர்பு இருந்தது. அந்த 12 வீதமும் நாட்பட்ட களைப்பு நோய் அல்ல. களைப்பு என்று வந்த பெண்ணுக்கு இரும்பு மாத்திரை மட்டும் எழுதி அனுப்பினால் போதாது, அவளிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியவை நிறைய உண்டு என்பதே அது தரும் பாடம்.

இன்று என்ன செய்யலாம்?

முதலில், சாதாரணப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. முழுமையான குருதிக் கல எண்ணிக்கை, ஃபெரிற்றின், தைரொயிட், சீனி, ஈரல், சிறுநீரகம், கல்சியம், அழற்சி அளவுகள், சிறுநீர்ப் பரிசோதனை. சிகிச்சையால் மாறக்கூடிய காரணம் இருந்தால் இவற்றில் பிடிபடும். ஈமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிற்றின் குறைந்து களைப்போடு திரியும் பெண்கள் உண்டு. ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். உடல் மெலிதல், இரவு வியர்வை, நீடித்த இருமல், நெஞ்சு நோவு இருந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இவை எல்லாம் நோர்மல் என்று வந்தால், “இந்தப் பட்டியலிலுள்ள நோய்கள் இல்லை” என்பது மட்டுமே அதன் பொருள். அதற்கு மேல் அந்தக் காகிதம் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி: “ஒரு வேலை செய்தால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கிறது?” இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய கொப்பியில் எழுதுங்கள். அன்றன்று செய்த வேலை ஒரு பக்கம், உடல்நிலை மறுபக்கம். அந்தக் கொப்பியை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எங்கள் கையில் இன்றுள்ள குறிகாட்டிகளில் மிகப் பெறுமதியானது அதுதான்.

வைத்தியசாலையில் செய்யக்கூடிய இன்னொன்றுக்கு இரத்தமே தேவையில்லை. நோயாளியைச் சில நிமிடம் படுக்கவைத்து நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்து, பின் பத்து நிமிடம் சுவரில் சாய்த்து நிறுத்தி நிமிடத்துக்கு நிமிடம் அளப்பது. வளர்ந்தவர்களில் துடிப்பு 30க்கு மேலும், பதின்ம வயதினரில் 40க்கு மேலும் உயர்ந்து நின்றால், நிற்பதையே அந்த உடம்பு தாங்கவில்லை என்பதற்கு அது எழுத்துச் சான்று. மயங்கி விழக்கூடும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மோசமாகாமல் காக்கலாம். கையிலுள்ள சக்தியைச் சம்பளப் பணம் போல அளந்து செலவழிப்பதே வழி. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, களைப்பு வருமுன் ஓய்வெடுத்து, நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்கும் ஆசையை அடக்க வேண்டும். “நடந்தால் சரியாகிவிடும், தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போ” என்ற அறிவுரை நீரிழிவுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில், இந்த நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூட்டும் கட்டாய உடற்பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இங்கே இருக்கும் ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்காக வரவு குறையும் பிள்ளை, காலைக் கூட்டத்தில் நிற்க முடியாமல் சரியும் பிள்ளை, ஒரு நாள் வந்து மூன்று நாள் வராத பிள்ளை எல்லாரும் சாட்டுச் சொல்கிறவர்கள் அல்ல. கதிரை ஒன்றைக் கொடுங்கள். பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். உயர்தரப் பரீட்சை ஒரு வருடம் பிந்தலாம். பிள்ளையின் உடம்பை உடைத்து எழுத வைக்க வேண்டியதில்லை.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகளுக்கும் ஒன்று. ‘டீகோட் எம்.ஈ.’ வெளியிட்ட அந்த எட்டு இடங்களும் ஐரோப்பிய வம்சாவளியினரின் பரம்பரையலகில் கண்டவை. உயிர்வங்கியிலும் பெரும்பாலோர் அவர்களே. எமது பெண்களின் இரத்தம் அந்தக் கணக்கில் ஏறவில்லை என்றே சொல்லலாம். நாளை ஒரு பரிசோதனை வந்தால் அது எமக்கும் பொருந்துமா என்பது, இன்று யாருடைய இரத்தத்தில் அதைத் தேடுகிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. உங்களில் இந்த நோய் உள்ளவர்கள் அங்கே வைத்தியரிடம் பெயர் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எமது இனத்தவரையும் சேர்த்துக்கொள்ளும் ஆய்வு வந்தால், தகுதியும் உடல்நிலையும் இடங்கொடுத்தால், பங்குபற்றுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நாம் இல்லாத கூட்டமாகவே இருந்துவிடுவோம்.

எமது சங்கத்துக்கு ஒரு யோசனை. இந்த நூற்றாண்டு ஆண்டில் கட்டடங்களும் புலமைப்பரிசில்களும் வரப்போகின்றன, மகிழ்ச்சி. அவற்றோடு, வீட்டை விட்டு வெளியே வர ஏலாமல் இருக்கும் பழைய மாணவிகளின் பெயர்களையும் ஒவ்வொரு வகுப்புப் பிரதிநிதியும் எழுதித் தரட்டும். இன்றைய விழாவுக்கு வராதவர்களில் சிலர் மறந்து வராமல் இருந்தவர்கள் அல்லர். மாதம் ஒரு முறை ஒரு தொலைபேசி அழைப்பு, பத்து நிமிடத்துக்கு மேற்படாமல். நீண்ட கதையும் அவர்களைக் களைக்க வைக்கும். வைத்தியசாலைக்குத் துணை தேவையென்றால் ஒருவர் போகட்டும். அந்தப் பட்டியலைத் தொடங்குவதற்கு நாம் இன்றே பொறுப்பேற்கிறோம். தேநீர் இடைவேளையில் வாசலருகே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த பெயர்களை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.